ஆங்கில இலக்கணத் திருத்தி: சூழல் என்று வந்தால் சறுக்கும் சேவை

ஆங்கிலத்தில் அறிக்கையும் கடிதமும் எழுதுவோர் நாடும் இலக்கணத் திருத்திச் சேவைகளுள் ஒன்றைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தி வருகிறேன். எழுத்துப்பிழை, எழுவாய்க்கும் வினைக்கும் இடையிலான ஒருமை பன்மை இயைபு, விடுபட்ட காற்புள்ளி ஆகியவற்றை அது தட்டச்சு செய்யும்போதே பிடித்துவிடுகிறது. அந்த அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முந்தைய வாக்கியத்தையும், படிப்பவர் தாமாக ஊகித்துக்கொள்வதையும் பொறுத்து வாக்கியத்தின் அமைப்பு முடிவாகும் இடங்களில் அதன் பரிந்துரைகளை நம்ப முடிவதில்லை.

செயப்பாட்டு வினையைக் கண்டாலே அதற்கு ஆகாது. "த பிரிட்ஜ் கொலாப்ஸ்டு லாஸ்ட் இயர். இட் வாஸ் ரீபில்ட் பை ஆர்மி இன்ஜினியர்ஸ்" என்று எழுதியதும் இரண்டாவது வாக்கியத்தின் கீழ் கோடு விழுந்தது, "ஆர்மி இன்ஜினியர்ஸ் ரீபில்ட் இட்" என மாற்றினால் தெளிவு கூடும் என்றது குறிப்பு. அந்த வாக்கியத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால் திருத்தம் சரியே. ஆனால் அங்கே பேச்சு பாலத்தைப் பற்றியது. முன்பே தெரிந்ததைத் தொடக்கத்திலும் புதிய செய்தியை இறுதியிலும் வைப்பது ஆங்கில உரைநடையின் இயல்பு. வேற்றுமை உருபின் துணையால் சொற்களை இடம் மாற்றிக்கொள்ளும் நம் வசதி அம்மொழிக்குப் பெரும்பாலும் இல்லாததால், செயப்படுபொருளை முன்னே கொண்டுவர அதற்குக் கைகொடுப்பது செயப்பாட்டு வினைதான். திருத்தத்தை ஏற்றால் பொறியாளர்கள் எங்கிருந்து முளைத்தார்கள் என்று படிப்பவர் ஒரு கணம் தயங்குவார். திரையின் ஓரத்திலுள்ள தெளிவு மதிப்பெண்ணோ உயர்ந்துவிடும்.

தேவையற்ற திருத்தத்தைவிட, பேச வேண்டிய இடத்தில் அது காக்கும் மௌனம் மோசமானது. பழைய கார் ஒன்றை வாங்கியதாகச் சொல்லிவிட்டு, அடுத்து "த இன்ஜின் இஸ் நாய்ஸி" என்கிறோம். இன்ஜினைப் பற்றி முன்பு பேச்சே இல்லை. ஆயினும் கார் என்றால் அதற்குள் ஓர் இன்ஜின் இருக்கும் என்பதைப் படிப்பவர் உய்த்துணர்வதால் "த" பொருந்துகிறது. வேண்டுமென்றே அதை "அன் இன்ஜின்" என்று மாற்றிப் பார்த்தேன். எந்தக் கோடும் விழவில்லை; தனி வாக்கியமாக அதில் இலக்கணப் பிழை இல்லையல்லவா! பெயருக்கு முன் வரும் "அ", "அன்", "த" போன்ற ஆர்டிகிள் இல்லாத தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்வோர் அடிக்கடி தடுமாறும் இடம் இது. உதவி மிகவும் தேவைப்படும் அங்கேதான் சேவை கைவிடுகிறது.

பிரதிப்பெயர்களில் அது காட்டும் எச்சரிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். கணினி அறிவியலாளர் டெரி வினோகிராட் 1972-இல் தந்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டில், நகர மன்றத்தினர் ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு அனுமதி மறுக்கிறார்கள். காரணம், "அவர்கள்" வன்முறைக்கு அஞ்சினார்கள். அஞ்சினார்கள் என்பதை ஆதரித்தார்கள் என்று மாற்றினால், வாக்கியத்தின் கட்டுமானம் அப்படியே இருக்க, "அவர்கள்" மன்றத்தினரிலிருந்து ஆர்ப்பாட்டக்காரர்களுக்குத் தாவிவிடுகிறது. இரண்டையும் தெளிவற்றவை என்றே சேவை குறித்தது. மனிதர் எவரும் குழம்பாத இடம்தான், எனினும் அலுவலக ஆவணத்தில் இந்த எச்சரிக்கை மிகையானால் நட்டமில்லை.

தொனியை அளக்கும் வசதி வேடிக்கையானது. மொழித் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1975-இல் வெளியான கட்டுரையில், தத்துவத் துறைப் பணிக்கு விண்ணப்பித்த மாணவருக்கு அவருடைய ஆங்கிலம் சிறப்பானது, வகுப்புக்குத் தவறாமல் வருகிறார் என்று மட்டும் எழுதும் ஆசிரியரைக் காட்டுகிறார். தத்துவத்தில் அவர் தேறமாட்டார் என்பதே அக்கடிதத்தின் குறிப்புப் பொருள்; சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதே அதை உணர்த்துகிறது. அந்த மாதிரியில் நான் எழுதிய கடிதத்துக்குச் சேவை தந்த மதிப்பீடு: "நேர்மறை, நட்பார்ந்தது".

தனித்தனி வாக்கியங்களாகக் குறு மின்னஞ்சல் எழுதுவோருக்கு இலவசப் பதிப்பே போதும். தொடர் பத்திகளாக எழுதுவோர் சந்தா கட்டுவதானால், அமைப்புகளில் செயப்பாட்டு வினை விதியையும் தொனி அளவியையும் முதலிலேயே அணைத்துவிடலாம். அவற்றைக் கழித்தபின் எஞ்சுவதற்குக் கேட்கப்படும் கட்டணம் அதிகம் என்பதே என் கணிப்பு.