ஜேஆர் பாஸ்: நிதானமாக ஜப்பான் சுற்றுபவருக்கு இது தேவையா?

ஜப்பான் போகத் திட்டமிடுகிறவர்கள் காதில் முதலில் விழுவது, "ஜேஆர் பாஸ் வாங்கிவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான். ஜேஆர் எனப்படும் ஜப்பான் ரயில்வே குழுமத்தின் ரயில்களில், வாங்கிய நாட்கள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கும் டிக்கெட் இது. 2023 செப்டம்பர் வரை அது நல்ல ஆலோசனை. அப்போது 7 நாள் பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் போய்த் திரும்பினாலே அந்தக் காசு ஏறக்குறைய வந்துவிடும். அந்த ஆண்டு அக்டோபரில் அதே பாஸ் 50,000 யென் ஆனது. 14 நாள் பாஸ் 47,250-லிருந்து 80,000-க்கும், 21 நாள் பாஸ் 60,450-லிருந்து 1,00,000-க்கும் ஏறின. தனி டிக்கெட்டுகளின் விலை அப்படி ஏறவில்லை. பழைய கணக்கில் சொன்ன ஆலோசனைதான் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு வாரம், நான்கைந்து ஊர், ஓட்டமில்லாமல் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிற குடும்பத்துக்கு இந்தப் பாஸைப் பரிந்துரைக்க முடியாது. விலையைவிடப் பெரிய காரணம், அது நாட்களை எண்ணுகிற விதம்.

பாஸ் செல்லுபடியாவது தொடர்ச்சியான நாட்களுக்கு. நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை ஒரு நாள். மாலை 4 மணிக்கு முதல் ரயில் ஏறினாலும் அன்று முழு நாள் கழிந்துவிடும். கியோட்டோவில் மூன்று நாள் கோயில்களையும் தோட்டங்களையும் நடந்தே பார்த்தால், அந்த மூன்று நாளும் பாஸ் வீணாக ஓடும். பஃபேவுக்குப் பணம் கட்டியவர் வயிறு நிறைந்த பிறகும் தட்டோடு எழுந்து போகிற மாதிரி, "பாஸ் சும்மா கிடக்கிறதே" என்று காலையில் ஹிமேஜி, மறுநாள் ஹிரோஷிமா போய் அன்றே திரும்பல் என்று திட்டம் வீங்க ஆரம்பிக்கும். ஏழு நாளில் ஏழு ஊர் பார்த்துவிட்டுக் களைத்துப்போய்த் திரும்புகிற பயணத்திட்டங்களைப் பிரித்துப் பார்த்தால், பாதி இடங்கள் பாஸுக்காகச் சேர்த்தவையாகத்தான் இருக்கும்.

நிதானமான திட்டம் ஒன்றை எடுத்துக் கணக்குப் போடலாம். டோக்கியோவில் 4 இரவு, கனசாவாவில் 2, கியோட்டோவில் 4, ஹிரோஷிமாவில் 2, கடைசியாக ஒசாகாவில் 1. மொத்தம் 13 இரவு. விமானம் டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து கிளம்ப வேண்டும். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாகப் போகிறவர்களுக்கு இரண்டு ஊருக்கும் விமானம் உண்டு. முன்பதிவுத் தளத்தில் 'போக வர' என்பதை விட்டு 'பல நகரம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் விலை பெரும்பாலும் பக்கத்தில்தான் நிற்கும். டோக்கியோவுக்கே திரும்பி வந்து விமானம் ஏறுவதென்றால் ஒரு பயண நாளும், ஆளுக்கு ஏறக்குறைய 14,000 யென்னும் போகும்.

ரயில் செலவு, பெரியவர் ஒருவருக்கு, முழு எண்ணில்: டோக்கியோவிலிருந்து கனசாவா 14,000 யென். கனசாவாவிலிருந்து கியோட்டோ 8,000. கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா 11,000. ஹிரோஷிமாவிலிருந்து ஒசாகா 10,500. விமான நிலையத்துக்கு ஹருகா ரயில் 3,000 சொச்சம். மொத்தம் 47,000-ஐ ஒட்டி வரும். முதல் ரயிலுக்கும் கடைசி ரயிலுக்கும் நடுவே ஒன்பது நாள் இருப்பதால் 7 நாள் பாஸ் எட்டாது. 14 நாள் பாஸ் வாங்கினால் ஆளுக்கு 33,000 யென் நஷ்டம்.

இந்த 47,000-ஐயும் குறைக்கலாம். ஜேஆர் குழுமத்தின் பிராந்திய நிறுவனங்களில் ஒன்றான ஜேஆர் வெஸ்டின் கன்சாய்-ஹிரோஷிமா பாஸ் 5 நாளுக்கு 17,000 யென். கியோட்டோவிலிருந்து கிளம்புகிற நாளில் அதைத் தொடங்கினால் ஹிரோஷிமா போக வர, மியாஜிமா தீவுக்குப் படகு, கடைசி நாள் ஹருகா எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். தனித்தனியாக வாங்கினால் 25,000-க்கு மேல் ஆகும். மொத்தச் செலவு 39,000-க்கு இறங்குகிறது, ஒரு நாளைக்கூட அவசரப்படுத்தவில்லை. ஒரே நிபந்தனை: கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் நடுவே ஓடும் ஷின்கான்சென் எனும் அதிவேக ரயில் ஜேஆர் சென்ட்ரல் என்ற வேறு நிறுவனத்துடையது, அதில் இந்தப் பாஸ் செல்லாது. அரை மணிக்கும் குறைவான தூரம்தான். சாதாரண ஸ்பெஷல் ரேப்பிட் ரயிலில் ஷின்-ஒசாகா போய், அங்கே ஷின்கான்சென் ஏற வேண்டும். அங்கிருந்து மேற்கே ஹிரோஷிமா வரை, மிக வேகமான ரகமான நோசோமி ரயிலிலும் இந்தப் பாஸ் செல்லும்.

தேசிய ஜேஆர் பாஸில் அந்த வசதிகூட இல்லை. டோக்கியோ-ஒசாகா பாதையில் அதிகம் ஓடுவது நோசோமிதான். பாஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் அதைவிட அதிக நிலையங்களில் நிற்கும், மணிக்கு இரண்டே ஓடும் ஹிகாரிக்குக் காத்திருக்க வேண்டும். நோசோமி வேண்டுமானால் டோக்கியோ-கியோட்டோவுக்கு 4,960 யென், டோக்கியோ-ஹிரோஷிமாவுக்கு 6,500 யென் கூடுதல் கட்டணம் உண்டு. 50,000 கொடுத்து வாங்கியவரிடம் இப்படி மேலும் கேட்பது இந்தச் சேவையின் மிகப் பலவீனமான இடம். கியோட்டோ நகரப் பேருந்து, டோக்கியோ மெட்ரோ, ஹகோனே போகும் ஒடாக்யூ ரயில், ஷிரகாவாகோ பேருந்து எதிலும் பாஸ் செல்லாது. டோக்கியோவின் யமனோத்தே வட்டப்பாதை, நரிதா எக்ஸ்பிரஸ், மியாஜிமா படகு ஆகியவற்றில் செல்லும். படகில் மட்டும் தீவின் வருகை வரி 100 யென்னைக் கையில் கொடுக்க வேண்டும்.

பாஸ் காசுக்கு ஏற்ற மதிப்பைத் தருகிற நிதானமான திட்டம் ஒன்று உண்டு. மேலே சொன்ன பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். கன்சாயில் இறங்கிக் கியோட்டோவில் 4 இரவு பாஸ் இல்லாமல் இருந்துவிட்டு, கிளம்பும் நாளில் பாஸைத் தொடங்க வேண்டும். முதல் நாள் ஹிரோஷிமா, 2 இரவு. மூன்றாம் நாள் கனசாவா, 3 இரவு. ஆறாம் நாள் டோக்கியோ. ஏழாம் நாள் அங்கிருந்து நிக்கோ போய்த் திரும்புவது. பிறகு டோக்கியோவில் பாஸ் இல்லாத நாட்கள். தனி டிக்கெட் விலை 55,000-ஐ ஒட்டி வரும், மிச்சம் 5,000. ஏழாம் நாள் மழை பெய்து, நிக்கோ வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்த மிச்சமும் போய் நஷ்டத்தில் முடியும். பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் இந்த வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு வாரத்தில் ஹொக்கைடோவிலிருந்து கியூஷூ வரை போகிற ரயில் பிரியர்களுக்குத்தான் பாஸ் நிஜமாகவே லாபம்.

இனி, எந்த ஊருக்கு எத்தனை இரவு என்ற கணக்கு. ஓட்டல்களில் காலை 10 அல்லது 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் அறை கிடைப்பது பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு. டோக்கியோ-கனசாவா ரயில் இரண்டரை மணி நேரம்தான் என்றாலும், வாசலிலிருந்து வாசல் வரை ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். ஊர் மாறும் நாளில் மாலை ஒரு நடை, ஒரு நல்ல சாப்பாடு, அவ்வளவுதான் கணக்கில் வர வேண்டும். ஆக, இரவுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் வருவதே முழு நாட்கள். ஓர் இரவு மட்டும் தங்கும் ஊருக்கு முழு நாள் என்பதே கிடையாது. மேலே உள்ள திட்டத்தில் ஒசாகா அப்படித்தான் இருக்கிறது, விமானத்துக்காக.

ஹிரோஷிமாவுக்கு 2 இரவு கொடுத்ததற்குக் கடல்தான் காரணம். மியாஜிமாவில் இத்சுகுஷிமா கோயிலின் சிவப்பு வாயில் தண்ணீரில் மிதப்பது போலத் தெரிவது கடல் ஏற்றத்தில். வற்றத்தில் சேற்று மணலில் நடந்துபோய் அதன் தூணருகிலேயே நிற்கலாம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரம் இருக்கும். கியோட்டோவிலிருந்து வந்து அன்றே திரும்புகிறவருக்கு இரண்டில் ஒன்றுதான் வாய்க்கும், பலருக்கு இரண்டுக்கும் நடுவில் அரைகுறையாகத் தெரியும். ஹிரோஷிமாவில் தங்கினால், ரயிலில் அரை மணி, படகில் 10 நிமிடம். அன்றைய ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு முதல் நேரத்துக்குப் போய், நடுவே மிசென் மலையேறி, இரண்டாவதையும் பார்த்துவிட்டு வரலாம். அமைதி நினைவு அருங்காட்சியகத்தை அதே நாளில் திணிக்காதீர்கள். அதைப் பார்த்த பிறகு வேறெதையும் பார்க்கும் மனநிலை இருக்காது. மறுநாள் காலைக்கு வைத்துக்கொண்டு, பிற்பகலில் ஒசாகா கிளம்பலாம்.

கனசாவாவில் கவனிக்க வேண்டியது கிழமை. 21-ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்து 2 இரவு தங்குகிறவருக்குக் கிடைக்கும் ஒரே முழு நாள் அந்தத் திங்கள்தான். கென்ரோகுவென் தோட்டம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும், அதனால் ஊருக்கு வந்தது வீணாகாது. டோக்கியோவிலும் தேசிய அருங்காட்சியகம் உட்படப் பலவற்றுக்குத் திங்கள் விடுமுறை.

கனசாவா-கியோட்டோ பயணத்தில் 2024 மார்ச்சுக்குப் பிறகு ஒரு மாற்றம். டோக்கியோ-கனசாவா பாதையான ஹொக்குரிகு ஷின்கான்சென் சுருகா வரை நீண்டதால், நேர் ரயிலாக இருந்த தண்டர்பேர்டு இப்போது சுருகாவோடு நின்றுவிடுகிறது. அங்கே இறங்கி மாற வேண்டும். ஷின்கான்சென் மேல்தளத்தில், தண்டர்பேர்டு தரைத்தளத்தில். பல இணைப்புகளில் நடுவே 8 நிமிடம் அளவே இருக்கும். கைவீசி நடப்பவருக்குப் போதும். இரண்டு பெரிய பெட்டி, முழங்கால் வலியுள்ள அம்மா, தூங்கும் குழந்தை என்றால் போதாது. அடுத்த தண்டர்பேர்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு நிதானமாக இறங்குங்கள்.

பெட்டிக்கு இதைவிட நல்ல வழி தக்குஹாய்பின் எனும் பார்சல் சேவை. டோக்கியோ ஓட்டலின் வரவேற்பு மேசையில் பெரிய பெட்டிகளைக் கொடுத்து, கியோட்டோ ஓட்டல் முகவரி, முன்பதிவில் உள்ள பெயர், அங்கே போய்ச் சேரும் தேதி மூன்றையும் எழுதினால் போதும். அளவைப் பொறுத்துப் பெட்டிக்கு 3,000 யென் அளவில் ஆகும். கனசாவாவின் 2 இரவுக்கு ஆளுக்கொரு தோள்பை. மாத்திரை, பாஸ்போர்ட், சார்ஜர் பெரிய பெட்டிக்குள் போய்விடக் கூடாது. பெட்டியோடுதான் ஏறுவேன் என்பவர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். சக்கரமும் கைப்பிடியும் அதில் சேரும். 160 செ.மீ. தாண்டினால், டோக்கியோ-ஒசாகா-ஹிரோஷிமா வழியில் ஓடும் டோக்கைடோ, சன்யோ ஷின்கான்செனில் பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. முன்பதிவு இல்லாமல் ஏறினால் 1,000 யென் வசூலிப்பார்கள்.

தனி டிக்கெட் வாங்குவது பலர் பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. டோக்கைடோ, சன்யோ ஷின்கான்செனுக்கு ஸ்மார்ட் இஎக்ஸ் செயலி போதும். முன்கூட்டியே எடுத்தால் சில ரயில்களில் தள்ளுபடி உண்டு. கனசாவா ரயில்கள் அதில் கிடைக்காது. அவற்றுக்கு ஜேஆர் ஈஸ்டின் எகிநெட் தளம், அல்லது டோக்கியோ நிலையத்தின் டிக்கெட் கவுன்டர். டோக்கியோ-கனசாவா ஓடும் ககயாகி ரயிலில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு விற்பனை தொடங்கும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்து வையுங்கள். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும், ஆகவே ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுவது நல்லது.

ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரையிலான கோல்டன் வீக் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன், ஆண்டு இறுதி ஆகிய மூன்று காலங்களிலும் நோசோமியில் முன்பதிவில்லாப் பெட்டியே இருக்காது. நம் பள்ளி விடுமுறைக்கு ஏற்ப மே முதல் வாரத்தில் போக நினைப்பவர்கள், 10-ஆம் தேதிக்குப் பிறகு தள்ளிப்போட்டால் ரயிலும் ஓட்டலும் எளிதாகக் கிடைக்கும். அதே 13 இரவுகளுக்குக் கணிசமாகக் குறைந்த வாடகையும் ஆகும்.