சாண எரிவாயுவில் சமைத்த வருடங்கள்

எங்கள் வீட்டில் சாண எரிவாயுக் கலன், அதாவது சாணக் கரைசலைக் காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சமையல் வாயு எடுக்கும் தொட்டி, வைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. சிலிண்டரே வேண்டாம் என்று ஆகிவிட்டதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அப்படி ஆகவில்லை. ஆனால் அன்றாடச் சமையலில் பெரும்பங்கு இந்த வாயுவில்தான் நடக்கிறது, சிலிண்டர் அவசரத்துக்கு மட்டும்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் சாணக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ பசுஞ்சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். ஒரு கன மீட்டர், அதாவது 1000 லிட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம் வேண்டும். அவ்வளவு வாயு தரும் சூடோ அரைக் கிலோ எல்பிஜியை விடச் சற்றுக் குறைவு. இடம் இருக்கிறதே என்று பெரிய கலனாக வைத்தால் பாதி வயிறு காலியாகவே கிடக்கும்.

வயிறு என்று சொல்லக் காரணம் உண்டு. மாட்டின் இரைப்பையில் மீத்தேன் என்ற எரியும் வாயுவை உண்டாக்கும் அதே வகை நுண்ணுயிர்கள்தான் இதற்குள்ளும் வேலை செய்கின்றன. தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் எந்தத் தொல்லையும் இல்லை. சமையலறைக் கழிவு எடைக்கு எடை சாணத்தைவிட அதிக வாயு தரும். ஆனால் ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே புளித்துவிடும். அமிலம் உண்டாகும் வேகத்துக்கு மீத்தேன் நுண்ணுயிர்களால் ஈடுகொடுக்க முடியாது. கார்பன் டை ஆக்சைடு கூடி, தீ சோம்பிப்போகும். சில நாள் ஊற்றுவதை நிறுத்தி, பிறகு சாணம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் தேறிவிடும். சோப்புத் தண்ணீரும், ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணமும் உள்ளே போகவே கூடாது.

குளிர்காலம்தான் பெரிய குறை. 35 டிகிரி செல்சியஸ் ஒட்டிய சூட்டில் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக இருக்கும். 15க்குக் கீழே இறங்கினால் வாயு மிகவும் குறைந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைப்பதும் கலனைப் போர்த்தி வைப்பதும் ஓரளவு கைகொடுக்கின்றன. முழுத் தீர்வு இல்லை.

பராமரிப்பில் அதிகம் கவனிக்க வேண்டியது குழாய். வாயுவோடு வரும் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கினால் தீ விட்டுவிட்டு எரியும். குழாயைச் சாய்வாகப் போட்டு, தாழ்ந்த இடத்தில் தண்ணீரை வடிக்க ஒரு வால்வு வைப்பது அவசியம். அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடு பர்னரை அரிக்கும். வழியில் இரும்பு நார் அடைத்த சிறு குழாய் வைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். பழைய நாரைக் கழற்றும்போது மிகுந்த கவனம் தேவை, காற்றுப் பட்டதும் அது தானாகச் சூடேறும். சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பதையும் விடவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எரியாமல் கசியும் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 27 மடங்கு புவியைச் சூடாக்கும். புவிக்கு நல்லது என்று வைத்த கலன் கசிந்தபடி இருந்தால் அந்த நல்லதே கெட்டுப்போகும்.

வாயு போக மீதியாக வெளியே வரும் சாணக் கரைசல்தான் எனக்கு வாயுவைவிடப் பெரிய லாபம். தழைச்சத்து பெரும்பாலும் அதிலேயே தங்கியிருக்கிறது, அதுவும் செடி சட்டென்று எடுத்துக்கொள்ளும் வடிவத்தில். வெயிலில் காயவிட்டால் அம்மோனியாவாகப் பறந்துவிடும். அதனால் ஊற்றியதும் மண்ணால் மூடிவிடுகிறேன்.

மாடும், தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்க ஓர் ஆளும் உள்ள வீட்டுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். சூரியத் தகட்டைப் போல வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சேர்ந்திருக்கும் வாயு இரவிலும் எரியும். அடிக்கடி வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்களுக்குச் சூரியத் தகடே நல்லது.