அம்மா குனியாமல் எடுக்க ஒரு டிராயர் பிரிட்ஜ்: கொழிஞ்சாம்பாறையில் விசாரித்ததும் வாங்கியதும்

இந்த முறை ஊருக்குப் போனபோது, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுச் சமையலறையை எடுத்துக் கட்டினோம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சாதாரண பிரிட்ஜில் காய்கறித் தட்டு தரையோடு கிடக்கிறது, அதற்காகக் குனிந்தால் எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். நியூஜெர்சியில் எங்கள் வீட்டில் மேடைக்கு அடியில் இழுக்கிற டிராயர் பிரிட்ஜ் இருக்கிறது. இழுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் மேலிருந்தே தெரியும். அம்மா அங்கே வந்திருந்தபோது பால், மாவு, கொத்தமல்லி எல்லாவற்றையும் அதில்தான் வைத்தார். ஊரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று கோயமுத்தூர், பொள்ளாச்சி, பாலக்காடு மூன்று பக்கமும் அலைந்தேன்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் யோசனையை முதலிலேயே விட்டுவிடுங்கள். அங்கே கரண்ட் 115 வோல்ட், அதன் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. சவூதியில் இருப்பவர்களும் கவனியுங்கள், அங்கேயும் 60 ஹெர்ட்ஸ்தான். சிங்கப்பூர், துபாய்க்காரர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கரண்டை விடப் பெரிய விஷயம் உயரம். அமெரிக்க மேடை 36 அங்குலம், அதற்கேற்ப டிராயர் பிரிட்ஜ் 34 முதல் 34½ அங்குலம் வரை வரும். ஐரோப்பிய அளவில் செய்தவை 820 மில்லிமீட்டர், அதாவது 32 அங்குலத்துக்குச் சற்று மேல். எங்கள் மேடை கிரானைட்டோடு சேர்த்தே 32 அங்குலம். அடியில் கிடைப்பது 31. "மேடையை ரெண்டு இஞ்ச் தூக்கிட்டாப் போதுங் சார்" என்றார் கோயமுத்தூர் ஷோரூம்காரர். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. மேடையைத் தூக்கினால் தோசை வார்க்கவும் காய் நறுக்கவும் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். முழங்காலைக் காப்பாற்றத் தோளைக் கெடுப்பதா? பிரிட்ஜுக்காக மேடை மாறாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். நம் பக்கத்து வீடுகளில் மேடைக்கு அடியில் கடப்பாக் கல்லைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள், அதனால் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள்.

அடுத்தது சூடு. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் கோடையில் 40 டிகிரியைத் தொடும். பிரிட்ஜின் உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் எவ்வளவு வெளிச்சூட்டுக்குச் செய்தது என்ற வகுப்பு ஆங்கில எழுத்தில் போட்டிருக்கும்: 'என்' (N) என்றால் 32 டிகிரி வரை, 'எஸ்டி' (ST) 38 வரை, 'டி' (T) 43 வரை. நமக்கு 'டி' தவிர வேறு எதுவும் ஆகாது. சூடான காற்று எந்த வழியாக வெளியே வருகிறது என்பதும் முக்கியம். பின்புறமும் பக்கவாட்டிலும் மூச்சு விடுகிற மாதிரியைக் கல்லுக்கு நடுவே அடைத்தால் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும். முன்பக்கம் அடியில் கிரில் வழியாகக் காற்று போய்வருகிற மாதிரிதான் மேடைக்கு அடியில் வைக்கச் செய்தது. ஆனால் நாம் சமையலறைத் தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். அந்தக் கிரில் தரையோடு இருக்கக் கூடாது, நாலு அங்குலக் கால் வேண்டும்.

ஷோரூமுக்கு அம்மாவின் மாவுப் பாத்திரத்தையே எடுத்துக்கொண்டு போனேன். லிட்டர் கணக்கு கேட்பதை விட இது நல்ல வழி. ஒரு மாடலில் மேல் டிராயரில் பாத்திரம் மூடியோடு நுழையவில்லை. கீழ் டிராயரில் உயரம் போதும், ஆனால் பின்னால் கம்ப்ரசர் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஆழம் குறைவு. புளித்துப் பொங்குகிற மாவுக்கு மேலே நாலு விரல் இடமாவது வேண்டும். பாத்திரத்தை வைத்து டிராயரை முழுசாக இழுத்துப் பாருங்கள். பாதியில் நிற்கிற டிராயர் என்றால் பின்னால் இருப்பதை மறுபடி துழாவ வேண்டியதுதான்.

எல்லாம் சரியாக இருந்த ஒரு வெளிநாட்டு மாடலும் இருந்தது, விலை சில லட்சம். சர்வீஸுக்கு யார் வருவார்கள் என்று கேட்டேன். கொழிஞ்சாம்பாறை பின்கோடு கொச்சிக் கணக்கில் வருகிறதாம். எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயமுத்தூர், அங்கே அவர்களுக்கு ஆள் இருக்கிறார், ஆனால் அவர் எல்லை தாண்டி வர மாட்டார். 2017இல் ஜிஎஸ்டி வந்து வரிச் சோதனைச் சாவடிகளையே எடுத்துவிட்டார்கள், பில் போட்டுப் பொருளை ஏற்றிக்கொண்டு வரத் தடையில்லை. ரிப்பேர்காரருக்கு மட்டும் கோடு அப்படியே இருக்கிறது. எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. இந்த எல்லை ஊர்களில் தனியாக இருக்கிற வயதானவர்கள் எத்தனை பேர்!

கடைசியில் கோயமுத்தூரில் ஹோட்டல்களுக்கு ஸ்டீல் சாமான் செய்கிற பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தோம். பரோட்டாக் கடைகளில் மேடைக்கு அடியில் பார்த்திருப்பீர்களே, அதே வகை. கம்ப்ரசர் பக்கவாட்டில், மூச்சு முன்பக்கம், உயரம் 30 அங்குலம், ஆழம் 24, அம்மாவின் பாத்திர அளவுக்கு மேல் டிராயர். பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "அம்மாவுக்கு எந்தக் கை வாட்டம்ங்க?" என்பதுதான். கைப்பிடியைக் கூட நீளமாக, நாலு விரலும் நுழைகிற மாதிரி வைத்துக் கொடுத்தார். பளபளப்பு குறைவு, உள்ளே சுழலும் ஃபேனின் சத்தம் வீட்டு பிரிட்ஜை விட அதிகம். படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்க முடியாது. கீழ் டிராயருக்கு அம்மா இன்னும் கொஞ்சம் குனியத்தான் வேண்டும், அதில் தேங்காயும் தண்ணீர் பாட்டிலும் போட்டிருக்கிறோம், அதை எடுப்பது வேலைக்கு வரும் அக்கா.

உள்ளூர் எலக்ட்ரீஷியன் தம்பி பிளக்கை பிரிட்ஜுக்குப் பின்னால் வைக்காமல் பக்கத்து அலமாரிக்குள் வைத்தார், எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் கனெக்‌ஷன் கொடுத்தார். கரண்ட் போய் வந்தால் மூன்று நிமிடம் தாமதித்து ஓடவிடுகிற ஸ்டெபிலைசரும் அவர் சொல்லித்தான் வாங்கியது. கிளம்பும் முன் இரண்டு டிராயருக்கும் உபரி கேஸ்கெட் (ஓரத்து ரப்பர்) ஒரு செட் வாங்கி அலமாரியில் வைத்தேன். கேஸ் நிரப்பத் தெரிந்த பொள்ளாச்சி மெக்கானிக் ஒருவரை வரவழைத்து, இயந்திரத்தைத் திறந்து காட்டி, அவர் நம்பரை அம்மாவின் போனிலும் பக்கத்து வீட்டு அண்ணன் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். பொள்ளாச்சிப் பக்கத்து எல்லையான கோபாலபுரம் வழியாக வண்டியில் வந்துவிடுவேன் என்றார்.