பெரம்பூரில் ஒரு குடியேற்ற ஆலோசனை அலுவலகம்: என் மதிப்பீடு

வண்ணாரப்பேட்டையில் தனியே வசிக்கும் அம்மாவுடன் அடுத்த ஆண்டு நெடுங்காலம் தங்க எண்ணி, அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்க எனக்குள்ள உரிமையான கிரீன் கார்டுக்குப் பங்கம் வராமல் இருக்க வழி கேட்டுப் பெரம்பூரிலுள்ள இச்சிறிய அலுவலகத்துக்குச் சென்றேன். ஓராண்டோ அதற்கு மேலோ அமெரிக்காவுக்கு வெளியே இருப்பதானால் மறுநுழைவு அனுமதி வேண்டும் என்றும், அதற்கான ஐ-131 விண்ணப்பத்தை அமெரிக்காவில் இருக்கும்போதே அளித்துவிட வேண்டும் என்றும், பொதுவாக 2 ஆண்டுகள் செல்லுபடியாகும் அவ்வனுமதி குடியுரிமைக்குத் தேவையான தொடர்வசிப்பைக் காப்பாற்றாது என்றும் ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். அமெரிக்காவில் வசிப்பவராகவே அங்கு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து வரவேண்டும் என்று அவர் வலியுறுத்தியதே எனக்கு மிகவும் பயன்பட்டது. இங்கிருந்தபடியே விண்ணப்பித்துத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்ட வேறோர் இடத்தை எண்ணும்போது, இந்த நேர்மையை மனமாரப் பாராட்டுகிறேன். கட்டண விவரத்தை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் தரலாம்.