எம்எஸ்ஏ கால அட்டவணையா, இறக்கை பேட்ஜா?

பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் தேடும் நண்பர்கள், பழைய எம்எஸ்ஏ விமானக் கால அட்டவணை, விமான ஊழியர் சீருடையில் அணிந்த இறக்கை வடிவ பேட்ஜ், இவற்றில் எதை முதலில் வாங்குவது என்று கேட்கிறார்கள். எம்எஸ்ஏ, அதாவது மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 1966-இல் அந்தப் பெயரைப் பெற்று, 1972-இல் இரண்டாகப் பிரிந்தது. அவ்வளவு குறுகிய காலம், அதனால் இரண்டுமே அருமைதான்.

விலை: அட்டவணை பெரும்பாலும் மலிவு. பேட்ஜுக்குக் கூடுதலாக எடுத்து வையுங்கள்.

நம்பகம்: அட்டவணையில் அமலாகும் தேதி அச்சாகியிருக்கும், வழித்தடத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் போலியைப் பிடித்துவிடலாம். பேட்ஜில் தேதி கிடையாது, பின்பக்க ஊசியையும் தேய்மானத்தையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆயுள்: பினாங்கு ஈரக்காற்றில் காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழும், மடிப்பில் கிழியும், அப்புறம் ராமபாணப் பூச்சி வேறு. பேட்ஜின் பித்தளையில் பச்சைக் களிம்பு வந்தால் மென்துணியால் துடைக்கலாம். பாலிஷ் மட்டும் வேண்டாம், முலாம் போய்விடும்.

அந்தக் காலப் பயணத்தைப் படித்து ரசிப்பவருக்கு அட்டவணை. வீட்டில் உலர்பெட்டி இல்லையா? பேட்ஜையே வாங்குங்கள்.