ஃபோல்டரை ஒளித்து வைத்துவிட்டு 'பர்மிஷன் போட்டாச்சு' என்று பில் போடுகிறார்கள், ஜாக்கிரதை

கோத்தகிரி, குன்னூர் பக்கம் நாலைந்து பேர் ஒரே நெட்வொர்க்கில் வேலை பார்க்கிற ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. கடை பெயர் போடவில்லை, கேட்க வேண்டாம்.

எங்களுடையது கோத்தகிரி அருகே ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸ். இலை எடை பதிகிறவர் எடை ஃபோல்டரில் மட்டும் எழுத வேண்டும், குன்னூர் ஏலத்துக்குப் போகும் சரக்குக் கணக்கை அவர் பார்க்கலாம், மாற்றக் கூடாது. விவசாயிகளின் அட்வான்ஸ், ஆட்களின் சம்பளம் இரண்டும் முதலாளிக்கும் எனக்கும் மட்டும். இதைத் தாளில் எழுதியே கொடுத்தோம். சர்வீஸ்காரர் வந்தார், டீ குடித்தார், "எல்லாருக்கும் தனித்தனியா பர்மிஷன் போட்டாச்சு சார், இனி ஒருத்தரும் தொட முடியாது" என்றார். 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

இலை வரத்து அதிகமான நேரத்தில், எடை பதிகிற பையன் பழைய ஃபைல்களைச் சுத்தம் செய்கிறேன் என்று அட்வான்ஸ் ஃபோல்டரையே அழித்துவிட்டான். அவன் கண்ணிலேயே படக் கூடாத ஃபோல்டர் அது! ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்தால் சாதாரணமாக அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். சர்வீஸ்காரருக்குப் போன் போட்டால், "வைரஸ் சார், ரெக்கவரிக்குத் தனி சார்ஜ்" என்றார்.

குன்னூரிலிருந்து வேறு ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் சம்பள ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தார். ஜெனரல் பக்கத்தில் 'ஹிடன்', அதாவது கண்ணில் படாமல் மறை, என்ற கட்டத்தில் ஒரு டிக். செக்யூரிட்டி பக்கத்தில் 'எவ்ரிஒன்', அதற்கு நேரே 'ஃபுல் கன்ட்ரோல்', அதாவது யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யலாம். அவ்வளவுதான் அந்த 6,500 ரூபாய் வேலை. வியூ மெனுவில் மறைந்தவற்றையும் காட்டு என்று ஒரு டிக் போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதைவிட மோசம், எல்லாக் கம்ப்யூட்டரிலும் எல்லா அதிகாரமும் உள்ள ஒரே அட்மின் கணக்கு, பாஸ்வேர்டே இல்லை. ஆளுக்கு ஒரு கணக்கே இல்லாமல் யாருக்கு என்று தனித்தனியாக பர்மிஷன் போட்டாராம்?

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அதே ப்ராப்பர்ட்டீஸில், ஃபோல்டரை நெட்வொர்க்கில் மற்றவர்களுக்குத் திறந்துவிடும் ஷேரிங் பக்கத்தில் எவ்ரிஒன் இருப்பதை மட்டும் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள். நெட்வொர்க்கில் வருகிறவருக்கு ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு பூட்டும் பொருந்தும், எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஷேரிங்கைத் திறந்து வைத்து, செக்யூரிட்டியில் இறுக்குவது பலரும் செய்கிற முறைதான். எங்கள் ஆபீஸில் இரண்டுமே திறந்து கிடந்தன.

அட்வான்ஸ் கணக்கைத் திரும்ப எழுதியதுதான் பெரும்பாடு. விவசாயிகளைச் சீட்டோடு வரச் சொன்னோம். ஒரு பாட்டி மஞ்சள் பையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்த சீட்டுகளை மேஜையில் கொட்டி, "நீங்க தொலைச்சீங்க, நான் தொலைக்கல" என்றார். மழையில் நனைந்து மை கலைந்த சீட்டுகளுக்கு அவர்கள் சொன்னதே கணக்கு.

காசு திரும்பி வரவில்லை. "ஹார்ட் டிஸ்க் பழசு" என்று இப்போது கதை மாறியிருக்கிறது.

நீங்கள் இந்த வேலைக்கு ஆள் கூப்பிட்டால், பில் கொடுக்கும் முன் உங்கள் ஊழியரின் கணக்கில் அவர் கம்ப்யூட்டரிலிருந்தே அந்த ஃபோல்டரைத் திறக்கச் சொல்லுங்கள். அனுமதி இல்லை என்று விண்டோஸ் சொல்ல வேண்டும். பேக்கப் எடுக்கிற பென் டிரைவையும் பூட்டி வையுங்கள். பெரும்பாலும் அவை எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்தவை, அதில் இந்த பர்மிஷன் எதுவும் நிற்காது.

அப்புறம், எங்கள் மெயின் கம்ப்யூட்டரில் எனிடெஸ்க் இருந்தது, வேறு இடத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்குகிற சாஃப்ட்வேர் அது. ஆள் இல்லாதபோதும் உள்ளே வர அந்த முதல் சர்வீஸ்காரர் தனக்கென்று ஒரு பாஸ்வேர்டு வைத்திருந்தார். உங்களிடமும் யாராவது வேலை செய்துவிட்டுப் போயிருந்தால் இன்றைக்கே பார்த்து எடுத்துவிடுங்கள்.