சாக்லேட் புரோட்டீன் உருண்டைக்கு என்னென்ன வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

அடுப்பே பற்றவைக்காமல் வீட்டில் சாக்லேட் புரோட்டீன் உருண்டை பிடிக்கிறவர்கள் வழக்கமாக வாங்குவது நான்கு சாமான்கள்: சாக்லேட் ஃப்ளேவர் போட்ட வே பவுடர் (பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதப் பொடி), பீநட் பட்டர், கோகோ பவுடர், மேலே முக்கி எடுக்க டார்க் சாக்லேட். நான்கையும் வாங்கிப் பயன்படுத்தியாயிற்று. இதில் விலை அதிகமான சாமான்தான் உருண்டைக்கு அதிகம் தேவைப்படாதது, அது வே பவுடர்.

வே நல்ல புரதம், அதில் சந்தேகமே இல்லை. 30 கிராம் ஸ்கூப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் கிடைக்கும், கடலைப் புரதத்தைவிடத் தரமும் மேல். ஆனால் உருண்டைக்குள் போனதும் அது படுத்தும் பாடு வேறு. ஈரம் பட்டவுடன் பசை மாதிரி ஆகி உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்கிறது, ஒட்டுகிறதே என்று இன்னும் கொஞ்சம் பவுடர் தூவினால் அன்றைக்கு நன்றாக இருக்கும், ஃப்ரிட்ஜில் சில நாள் இருந்த பிறகு எடுத்துக் கடித்தால் ரப்பர் போல இழுக்கும். கடையில் விற்கும் புரோட்டீன் பாரும் நாளாக ஆக இறுகுவதற்கு இந்தப் பவுடர் ஈரத்தை இழுத்துக்கொள்வது ஒரு முக்கியக் காரணம். அப்புறம் ருசி. நான் வாங்கிய டப்பாவில் இனிப்புக்காக சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பைப் போட்டிருந்தார்கள், லேபிளில் ஐ.என்.எஸ். 955 என்று (உணவில் சேர்க்கும் பொருள்களுக்குக் கொடுக்கும் எண்) இருந்தால் அதுதான். பாலில் கலக்கிக் குடிக்கும்போது பெரிதாகத் தெரியாத அந்தத் தித்திப்பு, உருண்டையில் போடும் பேரீச்சம்பழத்தோடு சேர்ந்ததும் நாக்கின் அடியில் நெடுநேரம் நிற்கிறது. வீட்டில் பிள்ளைகளுக்கும் கொடுப்பதாக இருந்தால் லேபிளை முழுதாகப் படித்துவிட்டு வாங்குங்கள். வே போட்டே தீர வேண்டும் என்றால் இனிப்பும் ஃப்ளேவரும் இல்லாத பவுடரே மேல்.

இதற்கு மாற்று நம் சமையலறையிலேயே இருக்கிறது, பொட்டுக்கடலை. மாலாடு பிடித்துப் பழகிய கைக்கு இதில் சொல்லித்தர எதுவும் இல்லை. ஏற்கெனவே வறுத்த சாமான் என்பதால் பச்சை வாடை கிடையாது, மிக்ஸியில் பொடித்துச் சலித்தால் போதும். மாலாடுக்குச் சூடான நெய் செய்கிற வேலையை இங்கே பீநட் பட்டர் செய்கிறது. 100 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 22 கிராம் புரதம், விலை வே பவுடருக்குப் பக்கத்திலேயே வராது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொட்டுக்கடலை மாவு 100 கிராம், வே இரண்டு ஸ்கூப், பீநட் பட்டர் 120 கிராம், கொட்டை எடுத்த பேரீச்சை 150 கிராம், கோகோ 20 கிராம். இதில் 20 உருண்டை பிடித்தால் ஒன்றில் ஏறக்குறைய 5 கிராம் புரதம், 90 கலோரி. வே இல்லாமல் அந்த 60 கிராமுக்கும் பொட்டுக்கடலை மாவையே போட்டால் ஒன்றில் மூன்றரை கிராம் சொச்சம். வித்தியாசம் ஒன்றரை கிராம்தான்! அந்த ஒன்றரை கிராமுக்காக ருசியையும் பதத்தையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஜிம்முக்குப் போகிறவர்கள் ஒரு ஸ்கூப்பைத் தனியாகப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, உருண்டையை உருண்டையாகவே சாப்பிடலாம்.

பீநட் பட்டரில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. சேர்மானத்தில் நிலக்கடலை மட்டும், மிஞ்சிப்போனால் உப்பு, அவ்வளவுதான் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஜாடியைத் திறந்தால் மேலே எண்ணெய் மிதக்கும், அது கெட்டுப்போன அடையாளம் இல்லை, கத்தியை அடிவரை விட்டு நன்றாகக் கிளறிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் தடவை எண்ணெயாகவும் கடைசித் தடவை கட்டியாகவும் வரும். சர்க்கரையும் வேறு எண்ணெயும் சேர்த்த வகை ரொட்டிக்கு நன்றாக இருக்கும், இதற்கு வேண்டாம், பேரீச்சையின் இனிப்பே தாராளம். வீட்டில் நல்ல மிக்ஸி இருந்தால் வறுத்துத் தோல் நீக்கிய கடலையை நிறுத்தி நிறுத்தி அரைத்தே எடுத்துவிடலாம், முதலில் பொடியாகி, பிறகு கட்டியாகி, பொறுமையாக ஓட்டினால் தானாகவே எண்ணெய் விட்டு இளகும்.

கோகோ பவுடரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த உருண்டைக்கு சாக்லேட் என்ற பெயரே அதனால்தான் வருகிறது. இனிப்பு சேர்த்த டிரிங்கிங் சாக்லேட்டை இதற்குப் போடாதீர்கள், அதில் பெரும்பகுதி சர்க்கரை. கோகோவிலும் இரண்டு வகை உண்டு. வெளிர் பழுப்பாக, லேசான புளிப்போடு இருப்பது இயற்கையான கோகோ. காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியது நல்ல கறுப்பாக, புளிப்பு அடங்கி இருக்கும், லேபிளில் ஐ.என்.எஸ். 501 போன்ற எண்ணைப் பார்த்தால் இந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். அடுப்பில் வேகாத பண்டத்துக்கு எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. பச்சையாகவே சாப்பிடுவதால் முதல் வகையின் புளிப்பு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். எதுவானாலும் ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள், சாக்லேட் ருசி பளிச்சென்று எழும்.

பதம் பார்க்க, கலவையை ஒரு பிடி பிடித்துக் கட்டை விரலால் அழுத்துங்கள். ஓரம் விரியாமல் குழி விழுந்து, விரலில் எண்ணெய்ப் பளபளப்பு மட்டும் ஒட்டினால் சரி. விரிசல் விட்டால் பேரீச்சை விழுது இன்னும் ஒரு ஸ்பூன். தண்ணீர் மட்டும் தெளிக்க வேண்டாம், சீக்கிரம் கெட்டுவிடும்.

மேல்பூச்சு கட்டாயம் இல்லை, போட்டால் அழகு. காம்பவுண்ட் சாக்லேட் கட்டி விலை குறைவு, வெயிலையும் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு, வாயில் மெழுகுபோல் படியும். நான் வாங்குவது அமுல் 55 சதவீத டார்க் சாக்லேட், கசப்பும் இனிப்பும் அளவாக இருக்கிறது, தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது. உருக்கும்போது பாத்திரத்தில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும், துடைத்துக் காயவைத்த பாத்திரமாகப் பாருங்கள். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், அதனால் நம்மூர்ச் சித்திரை வெயிலில் பூச்சு போட்ட உருண்டையை ஆபீஸ் டப்பாவில் வைத்து அனுப்ப முடியாது. அதற்குப் பூச்சில்லாமல் கோகோ பவுடரில் புரட்டியதுதான் தோது. மற்றதை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்த பிறகு குளிர் விடும்வரை மூடியைத் திறக்காமல் வையுங்கள், பூச்சு வியர்க்காது.